ஒரு செகண்டுக்கு ஆறு படம் கூடுதல்

ஜின்சி வாக்கப்பட்டு மணவாளக்குறிச்சிக் கடற்கரைக்கு வந்த பத்து மாதத்தில், சகாயம் ஒரே இடத்தில் கால் மணி நேரம் உட்கார்ந்து அவள் பார்த்ததில்லை. சோற்றுக்கு முன்னால் உட்கார்ந்தாலும் ஒரு கால்முட்டு ஆடிக்கொண்டே இருக்கும். கடலுக்குப் போகாத நாளில் கரையில் பந்து விளையாடுவான். ஆள் சேரவில்லையென்றால் அலையை ஒட்டித் தனியாகவே ஓடிவிட்டு, கால் முழுக்கக் கறுப்பு மணலோடு வீட்டுக்குள் வந்து நிற்பான். அந்த மணலைப் பெருக்கிப் பெருக்கி அவளுக்கு அலுத்துப்போனது. அதற்காக ஒருநாள் அவனோடு பேசாமல்கூட இருந்தாள்.

2008 ஆகஸ்டில், கொச்சியிலிருந்து புறப்பட்ட விசைப்படகில் வலை இழுக்கும் இரும்புவடம் அறுந்து அவன் இடுப்பில் அடித்தது. பக்கத்தில் நின்ற சிநேகிதன் மத்தியாஸ் அவனைத் தூக்கி உட்காரவைக்கப் பார்த்தான். உட்கார முடியவில்லை. படகு கரைசேரப் பதினோரு மணிக்கூர் ஆனது. ஆஸ்பத்திரியில் நாற்பத்தெட்டு நாள் கிடந்தபின், இடுப்புக்குக் கீழே இனி ஒன்றும் திரும்பாது என்று டாக்டர் ஜின்சியிடம் சொன்னார். அவள் மாமியார் வேளாங்கண்ணி பக்கத்தில்தான் நின்றாள். "ஒண்ணுமேண்ணா, என்னத்த சொல்லுதாரு?" என்று மருமகளைக் கேட்டாள். ஜின்சி அவளைக் கைப்பிடித்துப் பெஞ்சில் உட்காரவைத்தாள்.

அப்புறம் இரண்டு வருஷம். வேளாங்கண்ணி விடியுமுன் மீன் எடுத்து விற்கப் போவாள். ஜின்சி கல்யாணத்துக்கு முன் டிடிபி படித்திருந்ததால், ஜங்ஷனில் ஒரு ஜெராக்ஸ் கடையில் தட்டச்சு வேலைக்குச் சேர்ந்தாள். போகுமுன் சகாயத்தைக் கழுவி, துடைத்து, மூத்திரக் குழாயைச் சரிசெய்து, புரட்டிப் படுக்கவைப்பாள். அவன் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பான். சாயங்காலம் அவள் திரும்பும்போதும் அதே சுவரைத்தான் பார்த்திருப்பான். முதலில் கூட்டமாக வந்த சிநேகிதர்கள் மெல்லக் குறைந்தார்கள். வந்தவர்களுக்கும் என்ன பேசுவதென்று தெரியவில்லை. காற்று, கடல், மீன்பாடு என்று ஆரம்பித்துப் பாதியில் நிறுத்திக்கொள்வார்கள்.

மத்தியாஸ் மட்டும் விடாமல் வந்தான். 2010இல் சவூதிக்கு விசா கிடைத்தபோது, தன் வீட்டுக் கம்ப்யூட்டரை ஆட்டோவில் ஏற்றிக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனான். பழைய பெட்டி. அதற்குள் ஐந்தாறு கேம் போட்டுவைத்திருந்தான். அதில் ஒன்று சகாயத்தைப் பிடித்துக்கொண்டது.

ஒரு பெரிய நகரம், அதில் ஒரு ஆள், அவ்வளவுதான். அவனை எங்கே வேண்டுமானாலும் கொண்டுபோகலாம். சுடலாம், கார் திருடலாம், போலீசை ஏமாற்றலாம். சகாயம் அதெதுவும் செய்யவில்லை. அந்த ஆளை ஓடவைத்தான். தெருத்தெருவாக ஓடி, பாலம் தாண்டி, கடற்கரைக்கு வந்து, தண்ணீரில் குதித்து நீந்தவைத்தான். முதல்நாள் அதைப் பார்த்த ஜின்சி அடுக்களைக்குள் போய் நின்றுகொண்டாள்.

ஆனால் பெட்டியில் படத்தை வேகமாக வரைந்து காட்டும் கிராபிக்ஸ் கார்டு கிடையாது. அந்த ஆள் நாலு அடி ஓடினால் படம் நின்றுவிடும். பிறகு திடீரென்று பத்தடி தள்ளி நிற்பான். இருபது நிமிஷம் போனால் பெட்டி சூடாகி மொத்தமாக உறைந்துவிடும். சகாயம் மேசையை ஓங்கி அடிப்பான். "மாமி, என்னைத் தூக்கி கட்டில்ல போடச் சொல்லு இவள" என்று, ஜின்சி கூப்பிடுவதுபோல அம்மாவை மாமியென்றே அழைத்துக் கேலியும் கோபமுமாகக் கத்துவான். இருவரும் சேர்ந்து தூக்கிப் படுக்கவைப்பார்கள். மறுநாள் மறுபடி சக்கர நாற்காலியில் தூக்கி உட்காரவைக்கச் சொல்வான். அடிபட்ட பிறகு அவன் வேண்டும் என்று கேட்ட முதல் காரியம் அதுதான் என்பதால், ஜின்சிக்கு அந்தக் கோபம்கூடப் பிடித்திருந்தது.

"ஒரு கார்டு போட்டா செரியாவும்" என்றான் ஒருநாள். "புதுசு வேண்டாம். பழசு போதும். எதுண்ணு பாக்கணும்."

அப்படி ஆரம்பித்தது. ஜெராக்ஸ் கடையில் இன்டர்நெட் இருந்தது. அவன் எழுதிக்கொடுத்த பெயரை அவள் தேடி, வந்த பக்கங்களை முதலாளியிடம் கேட்டு, ஒருபக்கம் அச்சடித்து வீணான தாள்களின் பின்பக்கத்தில் அச்சடித்துக் கொண்டுவருவாள். எந்த ஊர்க்காரர்களோ பதினைந்து கார்டுகளை வரிசையாகச் சோதித்து, நீளமும் குட்டையுமாகக் கோடு போட்டுக் காட்டியிருந்தார்கள். சகாயம் பத்தாம் வகுப்பில் இங்கிலீஷில் தோற்றவன். ஆனால் கோட்டைப் படிக்க இங்கிலீஷ் எதற்கு? ஒரு மாதத்தில் அந்தத் தாள்கள் தலையணைக்கடியில் ஒரு கட்டாகச் சேர்ந்தன. கோயில் காலண்டரில் கிழித்த மாதங்களின் பின்னால் அவனே அட்டவணை போட ஆரம்பித்தான். ஜின்சி வேலைவிட்டு வந்ததும் அதை எடுத்துக் காட்டுவான்.

"இஞ்ச பாரு. கேமுங்கிறது படம்தான். ஒரு செகண்டுக்கு எத்தனை படம் வரைஞ்சு காட்டுதோ, அத்தனைக்கு அவன் ஒழுங்கா ஓடுவான். நம்ம பெட்டி ஆறோ ஏழோ வரையுது. அதான் நொண்டுதான்."

"எத்தனை வரைஞ்சா நல்லா ஓடுவான்?"

"இருபத்தஞ்சுக்கு மேல போனா போதும். முப்பது இருந்தா கொள்ளாம், ஒரு கொறையும் இருக்காது."

அவன் சொன்னதில் பாதி அவளுக்குப் புரிந்தது. மீதிக்குத் தலையாட்டினாள். அவன் பேசுகிறானே, அது போதாதா?

நாகர்கோவில் செட்டிக்குளத்துக்குப் பக்கத்தில் ஞானசிங் என்பவர் பழைய கம்ப்யூட்டர் வாங்கி விற்றுவந்தார். மார்த்தாண்டத்தில் ஒரு கேம்ஸ் சென்டரை மூடியபோது அங்கிருந்து இரண்டு கார்டுகளை எடுத்துவந்திருந்தார். ஒன்று 8800 ஜிடி. மற்றது 9600 ஜிடி. இரண்டுமே வந்து மூன்று நாலு வருஷம் ஆனவை. போனில் விலை கேட்டுவைத்த சகாயம், அவற்றுக்கு எண்பத்தெட்டு, தொண்ணூற்றாறு என்று பெயர் வைத்துவிட்டான். ஒரு வாரம் அவன் பேச்சில் வேறொன்றும் இல்லை.

"நம்பர் பெருசா இருக்குண்ணு ஏமாந்திராத ஏட்டி. தொண்ணூத்தாறு பொறவு வந்ததுதான். ஆனா வேலைக்காரன் எண்பத்தெட்டுதான். எல்லாத்துலயும் அது முன்னால நிக்குது, பாரு."

"அப்பம் அதை வாங்கிருவோம்."

"வேண்டாம். அது கரன்டு தின்னும், சூடாவும். நம்ம பெட்டிக்க பவர் சப்ளை தாங்காது, அதையும் மாத்தணும். வெலையும் கூடுதல். தொண்ணூத்தாறு நம்ம பெட்டியில அப்படியே ஓடும். கொஞ்சம் கொறச்சல்தான், ஆனா குடுக்குத ரூவாய்க்கு அதான் லாபம்." அட்டவணையை மடித்து அவள் கையில் கொடுத்தான். "மிச்சத்துல தேவகனி சிஸ்டர் சொன்ன அந்தக் காத்து சீட்டை வாங்கிரு."

தேவகனி என்பவள் படுக்கையில் கிடப்பவர்களை வீடுவீடாகப் போய்ப் பார்க்கும் ஒரு சேவைக் குழுவின் நர்ஸ். பதினைந்து நாளைக்கு ஒருமுறை வருவாள். சகாயம் நாற்காலியில் உட்கார ஆரம்பித்ததிலிருந்து அவள் ஒரே பாட்டைத்தான் பாடினாள். "அவருக்கு வலி தெரியாதும்மா. நமக்கு ஒரு எடத்துல அமுங்கினா நாம அசைவோம். அவரு அசைய மாட்டாரு, அந்த எடம் புண்ணாயிரும். அரை மணிக்கூருக்கு ஒருக்கா கையை ஊனி எழும்பச் சொல்லு. இந்த சீட்டு வெறும் பலகை. காத்து நெறைச்ச சீட்டு திருவனந்தபுரத்துல கிடைக்கும், எப்படியாவது வாங்கு."

2011 ஜூனில் ஒரு சனிக்கிழமை ஜின்சி நாகர்கோவிலுக்குப் பஸ் ஏறினாள். கையில் அட்டவணையும், கார்டை மாட்டி வாங்கிவரக் கம்ப்யூட்டர் பெட்டியும், மத்தியாஸ் கொடுத்த கேம் சிடியும் இருந்தன.

ஞானசிங் ஐம்பதைக் கடந்தவர். கழுத்தில் கயிறு கட்டிய கண்ணாடி. ஒரு பெண் தனியாக வந்து கார்டு கேட்டதும் முதலில் அவள் யாருக்காகவோ விலை கேட்க வந்திருக்கிறாள் என்றுதான் நினைத்தார். அவள் காலண்டர் தாளை விரித்ததும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு முழுசாகப் படித்தார்.

"இது யாரு போட்டது?"

"எனக்க வீட்டுக்காரரு."

"எங்க வேலை பாக்காரு?"

"வேலையில்லை. படுக்கையில இருக்காரு."

அவர் தாளை மடித்துத் திருப்பிக் கொடுத்தார். மேசைமேல் திறந்து கிடந்த ஒரு கம்ப்யூட்டரில் முதலில் தொண்ணூற்றாறைச் செருகி, அவள் கொண்டுவந்த கேமைப் போட்டார். திரையின் மூலையில் ஒரு செகண்டுக்கு எத்தனை படம் என்று எண் ஓடுகிறமாதிரி ஒரு சின்ன புரோகிராமையும் போட்டுக் கொடுத்தார். "நீயே ஓட்டிப் பாரு மக்கா."

ஜின்சி அதுவரை கேம் விளையாடியதில்லை. சகாயத்தின் விரல்கள் எங்கெங்கே போகும் என்று பார்த்த பழக்கத்தில் விசைகளில் விரல் வைத்தாள். அந்த ஆள் ஓடினான். நொண்டவில்லை, நிற்கவில்லை. எண் இருபத்தொன்பதில் நின்றது. கூட்டமான சந்தைத் தெருவுக்குள் போனபோது இருபத்திரண்டுக்கு இறங்கியது. சட்டென்று திருப்பினால் தெரு ஒரு துளி தாமதித்து அவன் பின்னால் வந்தது. கடை வாசலில் நின்ற இரண்டு பேர் எட்டிப் பார்த்தார்கள். அவள் கவனிக்கவில்லை. காலண்டர் தாளில் எண்களைக் குறித்துக்கொண்டாள்.

பிறகு எண்பத்தெட்டு. விசிறி இரைந்தது. அதே தெரு, அதே பாலம். முப்பத்தைந்து. சந்தைக்குள் இருபத்தெட்டு. ஒரு செகண்டுக்கு ஆறு படம் கூடுதல். தாளில் பார்க்கும்போது அது ஒன்றுமில்லாத வித்தியாசம். ஆனால் அவனைச் சட்டென்று திருப்பியபோது தெருவும் அவனோடு சேர்ந்து திரும்பியது. கடற்கரைக்குக் கொண்டுபோய் அலையை ஒட்டி ஓடவிட்டாள். நேரில் ஒரு ஆளைப் பார்க்கிறமாதிரி ஓடினான்.

"எது வேணும்?" என்றார் ஞானசிங்.

"எண்பத்தெட்டு."

"மக்கா, வியாபாரிண்ணு பாக்காம சொல்லுதேன் கேளு. உனக்க வீட்டுக்காரரு எழுதினதுதான் செரி. இந்த ஆறு படத்துக்கு இவ்வளவு கூடக் குடுக்காண்டாம். பவர் சப்ளையும் சேத்து வாங்கணும். தொண்ணூத்தாறுதான் கொள்ளாம்."

ஜின்சி இரண்டு கார்டையும் பார்த்துக்கொண்டு நின்றாள். மூன்று வருஷமாக அவனுக்கென்று அவள் வாங்கியவை எல்லாம் இது போதும் என்று வாங்கியவைதான். யாரோ செத்தபின் விற்ற சக்கர நாற்காலி. ஒரு வாரத்துக்கு வரவேண்டிய குழாயைப் பத்து நாள் ஓட்டியது. பழைய சேலையைக் கிழித்து மடித்த துணி. ஒரே ஒருமுறை நல்லது எதுவோ அதை வாங்கினால் என்ன? காற்று சீட்டை அடுத்த மாதம் வாங்கிக்கொள்ளலாம். ஒரு மாதத்தில் என்ன ஆகிவிடும்?

"எண்பத்தெட்டே தாருங்க அண்ணா" என்றாள். அவர் அதையும் புது பவர் சப்ளையையும் அவள் கொண்டுவந்த பெட்டியில் மாட்டிக் கொடுத்தார்.

சகாயம் அட்டைப்பெட்டியில் எழுதியிருந்த எண்ணைப் பார்த்துவிட்டு அவளைத் திட்டினான். திட்டி முடித்ததும் சிரித்தான். சிரித்துக்கொண்டே இருந்தான். மீன்கூடையோடு உள்ளே வந்த வேளாங்கண்ணி, கூடையை இறக்காமலேயே மகன் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் இரண்டு மாதம் நல்ல மாதம். கண்ணாடி போல ஓடியது கார்டு. பெட்டி சூடாகவில்லை, உறையவில்லை. மேசையை அடித்து யாரும் கத்தவில்லை. கட்டிலில் போடச் சொல்லி யாரும் கூப்பிடவில்லை. காற்று சீட்டு அடுத்த மாதத்துக்கு, பிறகு அதற்கடுத்த மாதத்துக்கு என்று தள்ளிப்போனது. காலையில் வேலைக்குப் போகுமுன் ஜின்சி அவனை நாற்காலியில் உட்காரவைப்பாள். சாயங்காலம் வந்தால் அப்படியே இருப்பான். அந்த நகரத்தில் எந்தத் தெரு எங்கே போகிறது என்று சோற்றுக்கு முன்னால் விரலால் வரைந்து காட்டுவான். பழைய பெட்டி இருபது நிமிஷத்துக்கு ஒருமுறை உறைந்ததுதான் அவனை அத்தனை நாள் படுக்கவைத்துக் காப்பாற்றியது என்பது அவளுக்கு அப்போது தோன்றவில்லை.

ஆகஸ்டில் ஒருநாள் கழுவும்போது அவன் பின்புறத்தில், உட்காரும் எலும்பின்மேல், ஒரு ரூபாய் அகலத்துக்குச் சிவந்திருந்ததைப் பார்த்தாள். விரலால் அமுக்கினாள். சிவப்பு மாறவில்லை. அப்படி மாறாவிட்டால் உள்ளே புண் தொடங்கிவிட்டது என்று தேவகனி சொல்லிக்கொடுத்திருந்தாள். அன்றே திருவனந்தபுரத்துக்குப் போன் பண்ணிக் காற்று சீட்டுக்குச் சொன்னாள். வர மூன்று வாரம் ஆகும் என்றார்கள். செல்போனில் அரை மணிக்கூருக்கு ஒருமுறை அலாரம் வைத்து அவன் பக்கத்தில் வைத்தாள்.

"அடிச்ச ஒடனே கையை ஊனி எழும்பணும். என்ன?"

"செரி, செரி."

நான்காம் நாள் அந்த இடத்தில் தோல் உரிந்திருந்தது. போனை எடுத்துப் பார்த்தாள். அலாரம் எல்லாம் அணைத்திருந்தது.

"இது அடிக்கலியா?" என்றாள்.

"அடிச்சுது. நான்தான் அணைச்சேன்."

"என்னத்துக்கு?"

அவன் திரையைப் பார்த்துக்கொண்டே பேசினான். "நீ ஓடிக்கிட்டு இருக்கம்ப ஒருத்தன் அரை மணிக்கூருக்கு ஒருக்கா வந்து, நில்லு நில்லு, உனக்குக் காலு இல்லங்கிறான். கேப்பியா?"

ஜின்சி கீபோர்டைக் கழற்றி அலமாரியில் வைத்துப் பூட்டினாள். அவனைக் கட்டிலில் குப்புறப் படுக்கவைத்தாள். அவன் கத்தவில்லை. கத்தியிருந்தால் அவளால் தாங்கியிருக்க முடியும். பழையபடி முகத்தைச் சுவருக்குத் திருப்பிக்கொண்டான். சோறு வேண்டாம் என்றான். தண்ணீரும் குடிக்கவில்லை. இரண்டாம் நாள் வேளாங்கண்ணி மருமகளின் கையைப் பிடித்துக்கொண்டு, "குடுத்திரு மக்கா. இப்படிக் கெடந்து செத்திருவான்" என்று அழுதாள். ஜின்சி பூட்டைத் திறந்தாள். ஒரு மணிக்கூர் மட்டும் என்று சத்தியம் வாங்கிக்கொண்டாள். அவள் வேலைக்குப் போன பிறகு அந்த வீட்டில் மணி பார்க்க ஆள் ஏது?

காற்று சீட்டு வந்தபோது புண்ணுக்குள் விரல் போகும் அளவுக்குக் குழி விழுந்திருந்தது. தேவகனி தினமும் வந்து மருந்து வைத்துக் கட்டினாள். அவள் யாரையும் ஏசவில்லை. "எலும்பு தெரியுது" என்று மட்டும் வெளியே வந்து ஜின்சியிடம் மெதுவாகச் சொன்னாள். ஐப்பசி மழை தொடங்கியபோது காய்ச்சல் வந்தது. பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். புண்ணின் விஷம் ரத்தத்தில் கலந்துவிட்டது என்றார்கள்.

அங்கே பத்தொன்பது நாள். கடைசியில் அவனுக்கு நினைவு விட்டுவிட்டு வந்தது. ஒருநாள் காலையில் தெளிவாக இருந்தான். ஜின்சி அவன் தலைமாட்டில் உட்கார்ந்து கேட்டாள்: "உங்களுக்கு எனக்கமேல கோவம் உண்டா?"

"என்னத்துக்கு?"

"நீங்க தொண்ணூத்தாறு வாங்கச் சொன்னீங்க."

அவன் அவளையே பார்த்தான். சொன்னது விளங்கியதா இல்லையா என்று அவளுக்கு இன்றுவரை தெரியாது. "தண்ணி தா" என்றான். ஸ்பூனால் கொடுத்தாள். பாதி வாயோரமாக வழிந்தது. மறுநாள் மதியம் செத்துப்போனான். முப்பது வயதுகூட முடியவில்லை.

அடக்கம் முடிந்தது. நாற்பதாம் நாளும் முடிந்தது. கம்ப்யூட்டரை என்ன செய்யலாம் என்று சவூதியிலிருந்து மத்தியாஸ் கேட்டான். கோயில் வாசகசாலைக்குக் கொடுத்துவிட்டாள். ஜெராக்ஸ் கடையில் மறுபடி உட்கார்ந்தாள். மரண அறிவிப்பு அடிக்க வருகிறவர்களுக்கு முன்னெல்லாம் அவள் ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்வதுண்டு. இப்போது பெயர், வயது, அடக்கம் எத்தனை மணிக்கு என்று மட்டும் கேட்டு அடித்துக் கொடுத்தாள்.

அம்மா வீட்டார் வந்து கூப்பிட்டார்கள். இருபத்தெட்டு வயதுதான், பிள்ளையும் இல்லை, என்னத்துக்கு இங்கே கிடக்கிறாய் என்றார்கள். அவள் போகவில்லை. மாமியாரை விட்டுவிட்டுப் போக மனமில்லை என்று ஊர் நினைத்தது. வேளாங்கண்ணியும் அப்படியே நினைத்து, பார்த்த பெண்களிடமெல்லாம் மருமகளைப் புகழ்ந்தாள். அந்தப் புகழைத்தான் ஜின்சியால் தாங்க முடியவில்லை. காற்று சீட்டை விட்டுக் கார்டு வாங்கியதைக் கோயிலில், பாவமன்னிப்பு கேட்கும் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லிப் பார்த்தாள். சாமியார் அது பாவத்தில் சேராது மகளே என்றார். அதனால் அதற்கு மன்னிப்பும் கிடைக்கவில்லை.

அடுத்த வருஷம் தவக்காலத்தில் ஒருநாள், வேளாங்கண்ணி மீன் விற்றுத் திரும்பிக் கால் நீட்டி உட்கார்ந்திருந்தபோது, ஜின்சி பக்கத்தில் போய் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். அவன் எந்தக் கார்டை வாங்கச் சொன்னான், மிச்சத்தில் எதை வாங்கச் சொன்னான், கடைக்காரர் என்ன சொன்னார், அவள் எதை வாங்கினாள் என்று ஒன்று விடாமல் சொன்னாள். கார்டு என்றால் என்ன என்றே அந்தப் பொம்பளைக்குத் தெரியாது. ஆனால் காற்று சீட்டு என்றால் தெரியும்.

வேளாங்கண்ணி நீட்டிய காலை மடக்கிக்கொண்டாள். ஏசுவாள் என்று ஜின்சி காத்திருந்தாள். ஏசினால் நல்லது என்றுகூட இருந்தது.

"இதை என்னத்துக்கு எனக்கிட்ட சொன்ன?" என்றாள் கிழவி கடைசியில். "நீ ஒருத்தி சுமந்துக்கிட்டு இருந்திருக்கலாம்லா. எனக்க தலையிலயும் ஏத்திட்டியே."

எழுந்து முகம் கழுவப் போனாள். அன்றைக்கும் இரண்டு பேருக்கும் சேர்த்துத்தான் உலை வைத்தாள். சாப்பிடும்போது குழம்புச் சட்டியை மருமகள் பக்கம் நகர்த்திவைத்தாள். பிறகும் அப்படித்தான். ஒரே வீட்டில் இருந்தார்கள், ஒரே சட்டியில் தின்றார்கள். ஊரில் மருமகளைப் புகழ்வதை மட்டும் கிழவி நிறுத்திவிட்டாள். யாராவது கேட்டால், "இருக்கா" என்று சொல்லிவிட்டு மீன்கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டு நடந்துவிடுவாள்.